அண்ணன் தரும் முப்பது லட்சம்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 61. தஞ்சாவூரில் ஒரு தனியார் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். பென்ஷன் கிடையாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் பூர்வீக நிலத்தில் என் பங்கை அண்ணனே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். உடனே என்றால் 20 லட்சம். இல்லாவிட்டால் வருடம் 3 லட்சமாகப் பத்து வருடம் தருவாராம். மொத்தம் 30 லட்சம் வருகிறதே, அதுதான் லாபம் என்கிறாள் மனைவி. ‘இன்றைய மதிப்பு’ போட்டுப் பார்க்கணும் என்கிறான் மகன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

பிறகு வரப்போகும் பணம் இன்றைக்குக் கையில் இருக்கும் எவ்வளவு பணத்துக்குச் சமம் என்பதுதான் மகன் சொல்லும் ‘இன்றைய மதிப்பு’. அந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதாக இருக்காது. என் அப்பா ஒரு தை மாதம் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு நாலு நாள் காத்துக் கிடந்தார். காலையில் தார்ப்பாயை விலக்குவார், சாயங்காலம் இழுத்து மூடுவார். ஐந்தாம் நாள் மேகம் திரண்டது. வியாபாரி ஒருவர் ரொக்கத்தோடு வந்து மூட்டைக்கு 70 ரூபாய் குறைத்துக் கேட்டார். அப்பா கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு ரொம்ப நாள் அந்த வருத்தம் இருந்தது. எனக்கு இப்போது புரிகிறது: காத்திருப்பதற்கான கூலியும், நனைந்து போனால் என்ன செய்வது என்ற பயமும் அந்த 70 ரூபாய்க்குள் இருந்தன.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது, போடும் வரம்பும் 30 லட்சமாக உயர்ந்தது. உங்களுக்குக் கைக்கு எட்டும் பத்திரமான வட்டி இதுதான் என்பதால் அதையே அளவுகோலாக வைக்கிறேன். அடுத்த வருடம் அண்ணன் தரும் 3 லட்சத்தை 1.082ஆல் வகுத்தால் இன்றைக்கு 2.77 லட்சம். அதற்கடுத்த வருடத்துக்கு இரண்டு முறை வகுக்க வேண்டும். பத்தாவது வருடம் வரும் 3 லட்சத்தின் இன்றைய மதிப்பு வெறும் 1.36 லட்சம். பத்தையும் கூட்டினால் 19.95 லட்சம்.

அதாவது, அண்ணன் சொன்ன இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 20 லட்சத்தை நீங்களே 8.2 சதவீதத்தில் போட்டு, வருடம் 3 லட்சம் எடுத்தாலும் பத்து வருடம் ஓடிவிடும். மனைவிக்குக் கூடுதலாகத் தெரிகிற பத்து லட்சம் முழுக்க வட்டிதான்.

ஆனால் இந்த 8.2 அரசாங்கத்தின் வாக்குக்கான வட்டி. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குப் பணம் வருவது காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை வயலிலிருந்து. 2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12க்குத் திறக்கவில்லை, ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்துச் சாய்த்த தென்னைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வருடத்தில் தம்பிக்கான தவணை எங்கிருந்து வரும்? இந்த அபாயத்துக்காக 8.2க்குப் பதில் 12 சதவீதம் வைத்து அண்ணனின் பத்துத் தவணைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மதிப்பு 16.95 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. விலைவாசி வேறு இருக்கிறது. வருடம் 6 சதவீதம் ஏறினால், பத்தாம் வருடத்து 3 லட்சத்துக்கு இன்று 1.68 லட்சத்துக்கு வாங்கும் சாமான்தான் கிடைக்கும்.

பென்ஷன் இல்லாத உங்களுக்கு நான் சொல்வது: 20 லட்சத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். அதை அப்படியே அந்தத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய் வரும், முதலும் அப்படியே இருக்கும். ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது வட்டி குறைந்திருக்கலாம், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனால் ஒரே தடவையில் புரட்ட முடியாது என்றால் அடம்பிடிக்க வேண்டாம். 12 லட்சம் கையில், அப்புறம் நாலு வருடம் வருடத்துக்கு 2.5 லட்சம் என்று கேட்டுப் பாருங்கள். 8.2 சதவீதத்தில் அதன் மதிப்பு 20 லட்சத்துக்குச் சற்று மேலே நிற்கும். கடைசித் தவணை வரும்வரை, உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அதுவரைக்கும் ஒரு ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். தவணைத் தேதியை மாசிக் கடைசியில் வையுங்கள். அதற்குள் சம்பா அறுத்து, நெல் போட்ட பணம் அண்ணன் கணக்கில் ஏறியிருக்கும்.