முதல் செமஸ்டர் அரசியல் அறிவியல்: பாலக்கோட்டிலிருந்து கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. உங்கள் மகள் பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அறிமுகத் தாளின் முதல் இன்டர்னலில் மார்க் குறைந்துவிட்டது, "எனக்கு இது வராதுப்பா" என்று அழுகிறாள், பேசாமல் பி.காமுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அவள் பழகிய படிப்பு வேறு. கேள்வி பாடத்தின் கடைசியில் இருக்கும், விடை பாடத்துக்குள் இருக்கும், தேடி எடுத்து மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும். இங்கே "அரசு ஏன் வேண்டும்?" என்று கேட்டால் அரிஸ்டாட்டில் ஒன்று சொல்கிறார், ஹாப்ஸ் இன்னொன்று சொல்கிறார், மார்க்ஸ் இரண்டையும் மறுக்கிறார். "இதில் எதை சார் எழுதுவது?" இந்தத் தாளை முதன்முதலில் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பள்ளியில் நல்ல மார்க் வாங்கியவர்கள்தான் இதில் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். மனப்பாடம் இவ்வளவு நாள் கைகொடுத்தது, இப்போது கைவிடுகிறது, அதைத் தன் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மகளுக்கு நடந்திருப்பதும் அதுவாகவே தெரிகிறது.

அப்புறம் சொற்கள். வீட்டில் நாம் அரசு, அரசாங்கம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். பாடத்தில் இரண்டும் வேறு. அரசுக்கு மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை என்று நான்கு கூறுகள். அரசாங்கம் அதில் ஒன்று மட்டுமே. வரையறையாக எழுதினால் நிற்காது. ஆனால் உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரில் கொடுத்த நாளிலிருந்து எத்தனை முறை ஆட்சி மாறியிருக்கும்? பட்டா இன்னும் செல்லுகிறது. மாறியது அரசாங்கம், தொடர்வது அரசு. இதை நீங்களே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் ஒரு வசதி இருக்கிறது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, கூட்டாட்சி, அதாவது ஒன்றியமும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை, என்ற பாடம் தலையில் ஏறவே இல்லை என்றாள். "மழைக்காலத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை போடுவது யார்?" என்று கேட்டேன். "கலெக்டர்" என்றாள். "தண்ணீர் வரத்தை எங்கே அளக்கிறார்கள்?" "பிலிகுண்டுலுவில்." சரி, காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் எல்லையில் இருக்கும் அந்த இடத்தில் ஏன் அளக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. தண்ணீர், மாநிலங்கள் சட்டம் போடும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் காவிரி ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஓடுகிறது. அதனால் மாநிலங்களுக்கு இடையிலான நதிகள், நாடாளுமன்றம் சட்டம் போடும் ஒன்றியப் பட்டியலுக்குள் வருகின்றன. தகராறு வந்தால் என்ன செய்வது என்பதற்கு அரசியலமைப்பில் 262ஆவது பிரிவு, அதன் கீழ் 1956இல் ஒரு சட்டம், அந்தச் சட்டப்படி 1990இல் நடுவர் மன்றம். கடைசியில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் கர்நாடகத்திலிருந்து பிலிகுண்டுலுவுக்கு வந்து சேர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரை மணி நேரத்தில் அந்தப் பெண் பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னாள். நாளிதழில் தினமும் கடந்துபோகும் ஒரு வரிக்குள் அவளுடைய முழுப் பாடமும் இருந்தது.

"கட்சி கிட்சி என்று போய்விடுவாளோ" என்றும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்று இந்தத் தாள் சொல்லித்தராது. ஆனால் வீட்டில் கேள்வி கேட்பாள், அது உண்மை. அரசியலமைப்பில் சாதி, மத, பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 15ஆவது பிரிவையும் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவையும் படித்த பெண், ஊரில் நடப்பதைப் பார்த்து "இது எப்படிப்பா சரி?" என்று கேட்கத்தான் செய்வாள். அப்போது அதட்டாதீர்கள் ஐயா. அவளுக்குப் பாடம் புரியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

வேலை விஷயம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, குரூப் 4 எல்லாவற்றிலும் இந்திய ஆட்சியியல் கேள்விகள் உண்டு. மற்றவர்கள் கோச்சிங் போய்ப் படிப்பதை இவள் வகுப்பிலேயே படிக்கிறாள். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் இதையே 500 மதிப்பெண் விருப்பப் பாடமாக எடுக்கலாம். பட்டம் முடித்து மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் போகலாம், தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில்தான் படித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டப்படிப்பையும் தமிழ் வழியில் முடித்தால், பட்டம் கேட்கும் தமிழக அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை அவளுக்குக் கிடைக்கும். அவசரப்பட்டு ஆங்கில வழி பி.காமுக்கு மாற்றினால் அது போய்விடும். இதைச் சொல்ல ஆளில்லாமல் இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வாரம் அவளுடைய இன்டர்னல் விடைத்தாளைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு மார்க் கேள்விகளில் போயிருந்தால் சொற்கள்தான் சிக்கல், ஒரு தனி நோட்டுப் போட்டால் தீரும். பெரிய கேள்விகளில் போயிருந்தால் வாரம் ஒரு விடை எழுதி ஆசிரியரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அக்டோபர் 2 அன்று உங்கள் பக்கத்துக் கிராம ஊராட்சியில் நடக்கும் கிராம சபைக்கு அவளையும் கூட்டிப்போய், நடந்ததை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள்.