சிப்பில் மட்டும் டமாக்சிஃபென் வேலை செய்யவில்லையா? முதலில் சுவரைப் பாருங்கள்

வணக்கம். 96 குழித் தட்டில் 10 மைக்ரோமோலார் டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தைப் போட்டால் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் செத்துவிடுகின்றன, நீங்களே வார்த்த, நுண்ணிய கால்வாய்கள் கொண்ட பிடிஎம்எஸ் சிப்பில் அதே மருந்து ஒன்றுமே செய்வதில்லை, செல்களுக்கு எதிர்ப்புத்தன்மை வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். செல்களைச் சந்தேகப்படுவதற்கு முன் சுவரைச் சந்தேகப்படுங்கள்.

டமாக்சிஃபென் தண்ணீரில் கரைய மறுக்கும், கொழுப்பில் சட்டென்று கரையும். பிடிஎம்எஸ்ஸோ சிலிக்கோன் ரப்பர். இப்படிப்பட்ட சின்ன மூலக்கூறுகளைப் பஞ்சு மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். 2006-லேயே டோப்கே, பீபி என்ற ஆய்வாளர்கள் நைல் ரெட் என்ற ஒளிரும் சாயத்தை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். நீங்களும் காலிக் கால்வாயில் அந்தச் சாயத்தை ஓடவிட்டு, நன்றாகக் கழுவி, ஃப்ளூரசென்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: திரவம் போன பிறகும் சுவருக்குள்ளே சிவப்பு ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம் செல் இல்லாத சிப்பில் மருந்து கலந்த மீடியத்தை அதே வேகத்தில் விட்டு, வெளியே வருவதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எச்பிஎல்சியில் (திரவத்தில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளந்துவிடுங்கள். சிப்பைக் கழற்றிவிட்டு வெறும் டியூப் வழியாக வருவதையும் தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் சிலிக்கோன் டியூப் என்றால் அதுவும் இதே வேலையைச் செய்யும். மீடியத்தில் சேர்க்கும் சீரத்தின் அளவு தட்டிலும் சிப்பிலும் ஒன்றுதானா? சீரத்தில் உள்ள ஆல்புமின் புரதம் இந்த மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சிப்புக்கு பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு) கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி நாளைக் கடத்தாதீர்கள், அது மேற்பரப்பை மட்டும்தான் மாற்றும், அதுவும் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். இந்த மருந்துக்குக் கண்ணாடி அல்லது சிஓசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த சிப்தான் நல்லது. ஆய்வேட்டிலும் ஊற்றிய செறிவை எழுதாமல், அளந்து கண்ட செறிவை எழுதுங்கள்.