புதையல் காசு கேள்வி பதில்: பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமிருந்தும்

வேலந்தாவளத்துக்காரர்: தென்னைக்கு உரக்குழி எடுக்கும்போது உடைந்த சட்டியோடு ஏழெட்டுக் கறுத்த காசுகள் கிடைத்தன. புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் படம் அனுப்பட்டுமா?

தேய்க்காதீர்கள், அண்ணா. புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். வெள்ளியின் மேல் படிந்த கறுப்பு கெடுதல் இல்லை, தேய்த்தால் எழுத்துதான் போகும். குழியை மேற்கொண்டு வெட்டாமல் நிறுத்துங்கள். காசு கிடந்த இடத்தைப் படமெடுத்து, உடைந்த சட்டித் துண்டுகளையும் எடுத்து வையுங்கள். அந்தத் துண்டுகளை வைத்தே காலம் சொல்ல முடிகிற சமயங்கள் உண்டு. வேலை செய்தவர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தால் இன்றே சேர்த்துவிடுங்கள். சேர்ந்து கிடந்தால்தான் அது புதையல். பிரிந்துவிட்டால் பழைய வெள்ளி, அவ்வளவுதான். அப்புறம் நேராக வில்லேஜ் ஆபீஸ்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை: ரோமானியக் காசு என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா?

நம் பக்கம் அதிகம் கிடைக்கும் இரண்டு வகை வெள்ளிக் காசுகளைச் சொல்லலாம், டீச்சர். ஒன்று ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்டது. பின்புறம் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் நிற்பார்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். மற்றது அவருக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸ் காசு. முன்புறம் இலைமாலை சூடிய தலை வலப்பக்கம் பார்க்கும். பின்புறம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து ஒரு கையில் செங்கோலும் மறு கையில் கிளையும் பிடித்திருப்பாள். எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

இந்த இரண்டும் குவிந்து கிடக்கக் காரணம் உண்டு. கி.பி. 64 வாக்கில் பிற்காலப் பேரரசர் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். நம்மூர் வியாபாரிகளுக்குப் பழைய நல்ல வெள்ளிதான் வேண்டியிருந்தது. அதனால் டைபீரியஸ் காசு கிடைத்தால் அவர் காலத்திலேயே புதைத்தது என்று முடிவு கட்டக்கூடாது. குடத்தில் உள்ளவற்றில் கடைசியாக அச்சான காசு எதுவோ, அதற்குப் பிறகு புதைத்தது என்று மட்டும் சொல்லலாம். அந்தக் கடைசிக் காசை யாராவது மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டால் கணக்கே தப்பிவிடும்.

வாளையார் இளைஞர்: 1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு. லட்சக்கணக்கில் போகுமாமே?

போகாது, தம்பி. கம்பெனி அப்படி ஒரு காசை அச்சிடவே இல்லை.

கோவிந்தாபுரம்: என்னிடம் இருப்பது அனுமார் போட்டது, 1717...

மேலே உள்ள பதிலேதான்.

கொடுவாயூர்: அரிசியை இழுக்கும் செம்புக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, முன்பணம் கேட்கிறார்கள்.

ரைஸ் புல்லிங் மோசடி அது. காசு கொடுக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள். இந்தப் பேச்சை நம்பி வீட்டை அடகு வைத்தவர்கள் உண்டு. இந்த வகைக் கேள்விகளுக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கொல்லங்கோட்டுக்காரர்: ரோமானியச் சரக்கு கணவாய் வழியாகக் கொங்குக்குப் போனது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கப்பலில் குமரியைச் சுற்றிக் கிழக்கே போயிருக்கலாமே? புதுச்சேரிப் பக்கத்துப் பழைய துறைமுகம் அரிக்கமேடு எதற்கு இருக்கிறது?

நல்ல கேள்வி. கரையோரக் கப்பல்கள் ஓடியதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசு கிடைத்த இடங்களை வரிசையாகப் பாருங்கள். மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யால், கணவாய் தாண்டினால் பொள்ளாச்சி, உடுமலை அருகே பூதிநத்தம், நொய்யல் பக்கம் வெள்ளலூர், அப்புறம் கரூர். எய்யாலில் ரோமானியப் பொன்னும் வெள்ளியும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு ஒன்றாகக் கிடந்தன. உள்ளூர் வியாபாரி ஒருவரின் கைமுதல் போலத்தான் எனக்குத் தெரிகிறது.

அவரே மீண்டும்: கரூர் வரை கிழக்கிலிருந்து காவிரி வழியாகவும் வந்திருக்கலாம்.

வந்திருக்கலாம், அண்ணா. ஆனால் அப்படி வந்திருந்தால் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி கிழக்குக் கரையில்தான் மிகுதியாக இருக்க வேண்டும். அது கோவை வட்டாரத்தில் குவிகிறது. நீங்கள் சொல்லும் கடல்வழிக்கு நல்ல சாட்சி நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக் காசுகள். அவை மதுரை, கரூர், இலங்கை என்று கிடைக்கின்றன. காலம் மாற, வழியும் மாறியது. கிழக்கே கொங்கு நாட்டுக் கொடுமணலின் கல்மணிப் பட்டறைகளுக்கும் மேற்கே கேரளக் கரை முசிறியின் மிளகுத் துறைக்கும் நடுவே மலையில் இவ்வளவு அகலமான திறப்பு இருக்கும்போது, வண்டிக்காரன் அதை விட்டிருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சித்தூரிலிருந்து ஒரு அக்கா: பிற்காலப் புதையல் எதுவும் கேரளத்தில் கிடைக்கவில்லையா?

2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்ஙளாயியில் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி வெட்டிய தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) பெண்களுக்குக் கிடைத்தது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்தார்கள். திறந்தபோது நகைகளோடு வெனிஸ் பொற்காசு, வீரராயன் பணம், கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் வெள்ளிக்காசு எல்லாம் இருந்தன. வீரராயன் பணம் துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். சல்லடை இல்லாமல் மண்ணில் தேடினால் கண்ணுக்கே படாது. அந்தப் பெண்கள் ஒன்றையும் ஒளிக்காமல் ஒப்படைத்தார்கள். அதனால்தான் எந்தக் காசு எதனோடு கிடந்தது என்று இன்று பேச முடிகிறது. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

மீனாட்சிபுரம்: வீடு கேரளத்தில், தோட்டம் தமிழ்நாட்டில். கிடைத்தால் எங்கே சொல்வது?

மண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், கேரளத்துக்கு 1968இல் வந்த தனிச்சட்டம். 1878 சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பழைய உரிமையாளர் யாரும் இல்லை, நிலத்துக்காரரோடு வேறு ஒப்பந்தமும் இல்லை என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரவேண்டும். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொல்வதோடு நிற்காமல், மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.