வீட்டில் கட்டும் காருக்கு ஸ்டீயரிங் றாக்கை எங்கே வைப்பது, எப்படிப் பூட்டுவது?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இது: லோட்டஸ் செவன் என்ற சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார் சாயலில், பெட்டிக் குழாய் சேஸியில், கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலேயே ஒரு கார் கட்டுகிறார். முன் நக்கிள்கள் (முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகங்கள்) ஒரு பழைய காரில் இருந்து எடுத்தவை, அவற்றைத் திருப்பும் கை, அதாவது ஸ்டீயரிங் ஆர்ம், முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு டொயோட்டா விட்ஸ் றாக் (ஸ்டீயரிங்கைச் சுற்ற இடம் வலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த பார்) நல்ல விலைக்குக் கிடைத்திருக்கிறது. றேடியேட்டருக்குப் பின்னால் இடம் தாராளமாக இருப்பதால் அங்கே பிராக்கெட் வெல்ட் பண்ணிப் பூட்டலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். வெல்டிங் மெஷினைத் தொடாதீர்கள். முதல் காரணம், அந்த றாக் உங்கள் நக்கிளுக்கு நேரெதிராக வேலை செய்யும். விட்ஸில் றாக் இருப்பது முன் அச்சுக்குப் பின்னால். இடப்பக்கம் திரும்ப, அந்த றாக் வலப்பக்கம் நகரும். ஆர்ம் முன்னால் நீட்டிய நக்கிளோடு அதைக் கோர்த்தால் நீங்கள் இடப்பக்கம் வளைக்க, சக்கரம் வலப்பக்கம் போகும். நம் ஊரில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனர், மினி இரண்டுக்கும் றாக் அச்சுக்குப் பின்னால்தான், ஆகவே அவையும் உங்களுக்கு உதவாது. பின்சக்கர ஓட்டப் பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட், மஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் றாக் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. தேட வேண்டியது அந்த வகை.

“நக்கிளை இடம் வலம் மாற்றிப் போட்டால் ஆர்ம் பின்னால் வந்துவிடுமே” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். முன்னால் நீட்டிய ஆர்மின் நுனி சக்கரப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். வளைவில் உள் சக்கரம் வெளிச் சக்கரத்தை விடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அந்தச் சாய்வு. மாற்றிப் போட்டால் கணக்குத் தலைகீழாகி, உள் சக்கரம் குறைவாகத் திரும்பும். ஒவ்வொரு முடக்கிலும் டயர் தேய்ந்து இழுபடும்.

இரண்டாவது காரணம்தான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். றாக்கின் இடத்தைத் தீர்மானிப்பது சேஸியில் உள்ள காலி இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பவை நக்கிளைச் சேஸியோடு இணைக்கும் சஸ்பென்ஷனின் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த இரண்டும் ஒரு வளைவில் ஆடும். றாக்கை ஸ்டீயரிங் ஆர்மோடு இணைக்கும் டை றொட்டும் அதே வளைவில் ஆடாவிட்டால் நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். இதைத்தான் பம்ப் ஸ்டீயர் என்கிறோம். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) ஒரு மேன்ஹோல் மூடிப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே போதும், கார் பக்கத்தில் வரும் ஓட்டோவை நோக்கிப் போகப் பார்க்கும்.

ஒரு பிளைவுட் பலகை எடுத்து, ஒரு பக்கச் சக்கரத்தின் முன்தோற்றத்தை உண்மை அளவில் வரையுங்கள். கார் சாதாரண உயரத்தில் நிற்கிற நிலையில் மேல் ஆர்மின் உள், வெளிப் புள்ளிகளைக் கோடிட்டு நீட்டுங்கள். கீழ் ஆர்முக்கும் அப்படியே. இரண்டு கோடும் காரின் மறுபக்கமாக எங்கோ சந்திக்கும். பலகை போதாவிட்டால் கராஜ் தரையில் நூல் பிடியுங்கள். டை றொட்டின் வெளி முனையில் இருந்து அந்தச் சந்திப்புக்கு ஒரு கோடு. ஆர்ம்களின் உள் புள்ளிகள் இரண்டையும் இணைக்க இன்னொரு கோடு. இவை வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில்தான் றாக்கின் உள் போல் ஜொயின்ட் (டை றொட் றாக்கோடு சேரும் உருண்டை மூட்டு) வர வேண்டும். உயரமும் அகலமும் ஒன்றாகக் கிடைத்துவிடும். றாக் வாங்கப் போகும்போது டேப்போடு போய், உள் போல் ஜொயின்ட் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து வாங்குங்கள். நீளம் கூடினால் றாக் பாரை வெட்டி வெல்ட் பண்ணித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. வெல்ட் பண்ணிய பாரில் என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகமாட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கடையிலேயே றாக்கைக் கையில் பிடித்து, பினியனை (றாக்கை நகர்த்தும் சிறு பற்சக்கரம்) ஒரு முனையில் இருந்து மறு முனை வரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பற்கள் தேய்வது நடுவில்தான். நடுவில் லூஸாகவும் முனைகளில் இறுக்கமாகவும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நடுவுக்காக, பல்லின் லூஸைக் குறைக்கும் அட்ஜஸ்டரை இறுக்கினால் முனையில் சிக்கும். முனைகளில் உள்ள இறப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கும், பாரில் துரு இருக்கிறதா என்று உறையை விலக்கிப் பாருங்கள். பினியனில் பூட்டும் யுனிவர்சல் ஜொயின்டையும் (ஷாஃப்ட்டைக் கோணத்தில் சுற்ற விடும் மூட்டு) அதே காரில் இருந்து சேர்த்தே வாங்குங்கள், ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் வரிப் பற்கள்) பொருந்தாமல் பிறகு அலைய வேண்டியதில்லை.

பிராக்கெட்டை முதலில் டாக் (சிறு பொட்டு வெல்ட்) மட்டும் வையுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, றாக்கை நடுவில் நிறுத்திப் பூட்டி, சக்கரம் பூட்டும் ஹப்பில் ஒரு நேர்ப் பலகையைப் போல்ட் பண்ணுங்கள். ஜக்கால் சக்கரத்தைப் பத்துப் பத்து மில்லிமீற்றராக 50 வரை உயர்த்தி, பிறகு அதேபோல் இறக்கி, பலகையின் முன், பின் விளிம்புகள் எவ்வளவு நகர்கின்றன என்று குறியுங்கள். மேலே போகையில் ஒரு பக்கமும் கீழே போகையில் எதிர்ப்பக்கமும் திரும்பினால் றாக்கின் உயரம் பிழை. இரண்டிலும் ஒரே பக்கம் திரும்பினால் நீளம் பிழை. உயரத்தை ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய்யலாம். நீளப் பிழை என்றால் வேறு றாக்தான்.

அளவு சரியான பிறகே முழு வெல்டிங். அதற்கு முன் றாக்கைக் கழற்றி, அதே விட்டத்தில் ஒரு குழாயை வைத்து வெல்ட் பண்ணுங்கள், இல்லையேல் சூட்டில் றாக்கின் கிரீஸும் சீலும் போய்விடும். மெல்லிய பெட்டிக் குழாய்க்குள் போல்ட் போகும் இடத்தில் உள்ளே தடித்த குழாய்த் துண்டை ஊடுருவ வைத்து வெல்ட் பண்ணாவிட்டால், நட்டை இறுக்க இறுக்கப் பெட்டி நசுங்கும். 8.8 தரத்துக்குக் குறைந்த போல்ட் வேண்டாம், தானாகக் கழலாத நைலொக் நட் போடுங்கள். பழைய இறப்பர் புஷ்ஷுக்குப் பதில் அலுமினியக் கிளாம்ப் போட்டால் றாக் பக்கவாட்டில் நழுவாது. இவ்வளவு இலேசான காருக்கு இறப்பரின் மென்மை தேவையும் இல்லை.

ஸ்டீயரிங் வீலில் இருந்து பினியனுக்கு வரும் ஷாஃப்ட்டை ஒரே நேர்கோட்டில் கொண்டுவராதீர்கள். இரண்டு யுனிவர்சல் ஜொயின்ட் போட்டு மடக்கினால் முன்னால் மோதும்போது ஷாஃப்ட் மடங்கும், நெஞ்சுக்கு வராது. இரண்டின் கோணமும் சமமாக, நடுத் துண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் இருக்கட்டும், இல்லையேல் ஸ்டீயரிங் ஒரு சுற்றில் இலேசாகவும் பாரமாகவும் மாறி மாறி வரும். எக்ஸோஸ்ட் குழாயில் இருந்து விலக்கி வையுங்கள்.

விட்ஸ் றாக்கை இன்னும் திருப்பிக் கொடுக்க முடியுமென்றால் இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆர்ம்களின் உள், வெளிப் புள்ளிகளின் அளவுகளையும் டை றொட்டின் வெளி முனை நிற்கும் இடத்தையும் இங்கே போட்டால், உள் போல் ஜொயின்ட் எங்கே வர வேண்டும் என்று வரைந்து தருகிறேன்.