பதினொன்றாம் வகுப்பில் ஐந்து ஏபி தேவையா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பத்தாவது படிக்கிறாள், டாக்டராக ஆசை. அடுத்த வருடம் ஐந்து ஏபி கோர்ஸ் (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடங்கள்) எடுக்கப்போகிறாளாம். கல்லூரிச் செலவு குறையும் என்கிறார் என் கணவர். எனக்கோ அவள் தூக்கத்தை நினைத்தால்தான் பயம்.

பதில்: உங்கள் கணவர் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். நிறையப் பெற்றோர் கணக்குத் தப்புவது அங்கேதான். ஒவ்வொரு ஏபி பாடத்துக்கும் மே மாதம் நடக்கும் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3 வாங்கினாலே கிரெடிட் தருகிறது, அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. டார்ட்மத், கால்டெக் போன்ற இடங்களிலோ 5 வாங்கினாலும் அது பட்டத்துக்கான கிரெடிட்டில் சேராது. அப்புறம், டாக்டர் படிப்பு. உயிரியலையும் வேதியியலையும் ஏபி கிரெடிட்டைக் காட்டித் தாண்டிவந்தால் பல மருத்துவக் கல்லூரிகள் ஒத்துக்கொள்வதில்லை, கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன. செலவு மிச்சமாவது பெரும்பாலும் வரலாறு, ஆங்கிலம் போன்ற பாடங்களில்தான்.

அப்படியானால் எதற்கு எடுப்பது? பள்ளியில் கடினமான பாடங்கள் இருந்தும் பிள்ளை ஒதுங்கிப் போனாளா என்பதைக் கல்லூரிக்காரர்கள் பார்ப்பார்கள். கல்லூரிப் படிப்பின் வேகமும் இப்போதே பழகிவிடும். அது நிஜமான லாபம். ஆனால் எத்தனை ஏபி என்று எண்ணி யாரும் சீட் கொடுப்பதில்லை. ஐந்தை எடுத்துச் சாதாரணப் பாடத்தில்கூட 'சி' வாங்குவதைவிட, மூன்றை எடுத்து ஒழுங்காகப் படிப்பது மேல்.

இன்றிரவே ஒரு தாளில் அவளுடைய ஒரு வாரத்தை எழுதச் சொல்லுங்கள். பள்ளி, நடன வகுப்பு, சாப்பாடு, எட்டு மணி நேரத் தூக்கம் எல்லாம் போக மீதி எவ்வளவு? ஏபி யு.எஸ். ஹிஸ்டரி தேர்வில் ஒரு கட்டுரைக்கு மட்டும் ஏழு ஆவணங்களைப் படித்து ஒரு மணி நேரத்தில் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வர வருடம் முழுக்க வாசிக்க வேண்டும். வேதியியலில் லேப் ரிப்போர்ட் தனி. ஐந்தும் சேர்ந்தால் தாளில் இடமே இருக்காது. முதலில் வெட்டுப்படுவது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பாக இருக்கும், தமிழுக்கு ஏபி கிடையாதே!

என்னைக் கேட்டால் பதினொன்றாவதில் மூன்று போதும்: வேதியியல், ஆங்கிலம், அவளுக்கு நிஜமாகவே பிடித்த ஒன்று. உயிரியலைப் பன்னிரண்டாவதில் வைத்துக்கொள்ளலாம். தோழிகள் ஐந்து எடுக்கிறார்கள் என்பது ஒரு காரணமே இல்லை.

சேர்ந்த பிறகு தாங்க முடியாவிட்டால்? எந்தத் தேதிக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) பதியாது என்று பள்ளிக் கவுன்சிலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அது பள்ளிக்குப் பள்ளி மாறும். தேர்வுக்கு நவம்பருக்குள்ளேயே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், இந்த முடிவை வசந்த காலம்வரை தள்ள முடியாது.