தொட்டால் தாய் ஒதுக்கிவிடுமா?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் மகனோடு காட்டை ஒட்டிய பாதையில் நடந்து போனபோது, புல்லுக்குள் ஒரு புள்ளிமான் குட்டி படுத்திருந்தது. பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கலாம். பக்கத்தில் போயும் அது எழுந்து ஓடவில்லை. அடிபட்டிருக்குமோ என்று முதுகைத் தடவிப் பார்த்தேன். காயம் ஏதும் இல்லை. தாயைக் காணோம். பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் காவல் இருந்தோம். தாய் வரவே இல்லை. இருட்டியதும் மனசில்லாமல் திரும்பினோம். மனித வாடை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குட்டி அங்கே இல்லை. நான் தொட்டதால்தான் அது போய்விட்டதா? தூக்கி வந்து பால் கொடுத்திருக்க வேண்டுமா? பறவைக் குஞ்சுக்கும் இதே கதைதானா என்று மகன் கேட்கிறான்.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் தொட்டதற்காக அந்தத் தாய் குட்டியை ஒதுக்கியிருக்காது. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். அதைத் தூக்கி வராமல் விட்டீர்களே, அதுதான் அன்று நீங்கள் செய்த பெரிய உதவி.

குளம்புள்ள விலங்குகள் குட்டியைக் காப்பாற்ற இரண்டு வழி வைத்திருக்கின்றன. வரிக்குதிரை, பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை போன்றவற்றின் குட்டிகள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து தாயின் பின்னால் ஓடத் தொடங்கிவிடும். பெரும்பாலான மான்களும் வெளிமான்களும் வேறு வகை. இவற்றின் குட்டிகள் முதல் சில நாட்கள் ஒளிந்து கிடக்கும். புள்ளிமானில் இது ஒரு வாரம் போல. வேறு பல மான்களில் இன்னும் அதிகம். தாய் குட்டியை நக்கிச் சுத்தமாக்கும். அதன் சாணத்தையும் மூத்திரத்தையும்கூடத் தானே தின்று, குடித்துவிடும். அதனால் குட்டியிடம் வாடை மிகக் குறைவு. தாயிடம் வாடை அதிகம், உருவமும் பெரிது. அது எந்நேரமும் பக்கத்தில் நின்றால் வேட்டை விலங்குக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால்தான் தள்ளிப் போய் மேய்கிறது, நாளுக்குச் சில தடவை மட்டும் பால் கொடுக்க வருகிறது.

நீங்கள் பார்த்த குட்டி கழுத்தை நீட்டித் தலையைத் தரையோடு ஒட்டி வைத்திருந்திருக்கும். காது பின்னால் மடிந்து கிடந்திருக்கும். ஆபத்து நெருங்கும்போது மான் குட்டியின் இதயத் துடிப்பு சட்டென்று இறங்குவதை வட அமெரிக்காவின் வெண்வால் மான்களில் அளந்திருக்கிறார்கள். மூச்சும் அடங்கிவிடுகிறது. நமக்கு அது துவண்டு கிடப்பதாகத் தெரியும். உண்மையில் அந்த வயதில் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பை அது மும்முரமாகச் செய்துகொண்டிருந்தது.

மனித வாடை பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், தாய் ஆடு அடுத்த ஆட்டின் குட்டியை முட்டித் தள்ளும். ஈன்ற முதல் ஓரிரு மணி நேரத்தில் அது தன் குட்டியின் வாடையைப் படித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரம் காயாத நேரத்தில் நாம் குறுக்கே போவது தப்புதான். ஆனால் பந்தம் விழுந்த பிறகு, மேலே கொஞ்சம் மனித வாடை சேர்ந்தால் அது அறுந்துவிடாது. மான் குட்டிகளைக் கையால் பிடித்து ரேடியோ காலர் (இருக்குமிடம் காட்டும் கழுத்துப்பட்டை) கட்டி ஆய்வு செய்கிறார்கள். தாய் திரும்பி வருவதுதான் வழக்கம். மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் கிடைப்பதுண்டு. ஆட்கள் கையில் எடுத்து, மருத்துவரும் தொட்டுச் சோதித்த குட்டிகளை, கிடைத்த இடத்திலேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டு விலகிவிடுவார்கள். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிருக்கிறது.

சரி, பிறகு ஏன் அந்தத் தாய் இரண்டு மணி நேரமாக வரவில்லை? நீங்கள் அங்கே இருந்ததால். பத்தடி தூரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது எந்த மானும் குட்டி கிடக்கும் இடத்துக்கு வராது. உங்கள் பக்கம் இருந்தது அக்கறைதான், ஆனால் மானின் கண்ணுக்கு நீங்கள் வேட்டைக்காரர்கள். குட்டிக்குப் பால் தள்ளிப்போனது அதனால்தான்.

மறுநாள் இடம் காலியாக இருந்ததை வைத்துக் குட்டி செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒளியும் குட்டிகள் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. தாய் வந்து குரல் கொடுக்கும், குட்டி எழுந்து போய்ப் பால் குடிக்கும், அப்புறம் வேறொரு புதரில் போய்ப் படுத்துக்கொள்ளும். மான் குட்டிகளில் பல முதல் வாரங்களிலேயே நரிக்கும் சிறுத்தைக்கும் இரையாகின்றன என்பதும் உண்மை. அப்படி நடந்திருந்தாலும் அதற்குக் காரணம் உங்கள் கை இல்லை.

தூக்கி வந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2016 மே மாதம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், ஒரு பைசன் கன்று குளிரில் தவிக்கிறது என்று நினைத்துச் சுற்றுலா வந்தவர்கள் அதைக் காரில் ஏற்றிக் காவலர்களிடம் கொண்டுவந்தார்கள். காவலர்கள் திரும்பத் திரும்ப மந்தையோடு சேர்த்துப் பார்த்தார்கள். மந்தை ஏற்கவில்லை. பைசன் கன்று எதையாவது தொடர்ந்து போகும் வகை. தாய் கிடைக்காததால் ஆட்களையும் வண்டிகளையும் தேடிச் சாலைக்கு வந்தபடியே இருந்தது. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதற்குக் கெடுதல் செய்ய அங்கே யாரும் நினைக்கவில்லை.

மானுக்கும் இதே ஆபத்து உண்டு. மான் பால் மாட்டுப்பாலைவிடக் கெட்டியானது. மாட்டுப்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டு உயிர் போகலாம். பிடிபட்ட அதிர்ச்சியில் தசைகள் சிதைந்து, சில நாள் கழித்துச் சாகும் மான்களும் உண்டு. பிழைத்து வளரும் ஆண் குட்டி மனிதரையே தன் இனமாக எண்ணி, கொம்பு முற்றியதும் வளர்த்தவரையே முட்டலாம்.

தலையிட வேண்டிய நேரமும் இருக்கிறது. குட்டியின் உடம்பில் காயமோ புழுவோ தெரிந்தால், தாய் பக்கத்தில் செத்துக் கிடந்தால், குட்டி மணிக்கணக்கில் கத்திக்கொண்டு அலைந்தால், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பால், தண்ணீர் எதுவும் புகட்ட வேண்டாம்.

இனி உங்கள் மகனுக்கு. பறவைகளுக்கு மோப்பமே கிடையாது என்பது சரியில்லை, பெட்ரல் என்ற கடற்பறவை மோப்பம் பிடித்தே இரை தேடுகிறது. ஆனாலும் மனிதக் கை பட்டதற்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. தன் கூட்டில் பொரித்த குயில் குஞ்சுக்கே காகம் அலுக்காமல் ஊட்டுகிறதே. கீழே கிடக்கும் குஞ்சுக்கு இறகு முளைத்து, தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது. பெற்றவை பக்கத்தில்தான் இருக்கும், அப்படியே விட்டுவிடலாம். பூனையோ நாயோ நடமாடும் இடமென்றால் பக்கத்துச் செடியின் கிளையில் தூக்கி வைத்தால் போதும். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால், தயங்காமல் கையால் எடுத்துக் கூட்டில் வைக்கலாம். வைத்ததும் அங்கே நிற்காமல் உடனே தள்ளி வந்துவிடச் சொல்லுங்கள்.