மகள் அனுப்பும் பணத்தைச் செலவழிக்காத அம்மா: என்ன ஏற்பாடு செய்யலாம்?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘அம்மாவுக்கு வயது 67. துறையூரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இல்லை. அப்பாவின் பி.எஃப். வழியாக விதவை பென்ஷன் 1,900 ரூபாய் வருகிறது. அப்பா விட்டுச்சென்ற 20 லட்சம் மூன்று எஃப்.டி.களாக வங்கியில் இருக்கிறது. நான் மாதம் 10,000 அனுப்புகிறேன். “பொண்ணு காசுல சாப்பிடணுமா” என்று அதைத் தொடாமல் வைத்திருக்கிறார். வீட்டுச் செலவு 15,000 வரை ஆகும் என்கிறார், ஆனால் இழுத்துப் பிடித்துப் பாதியில்தான் ஓட்டுகிறார். வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொடுத்தால் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொல்கிறார். நான் இன்னும் அதிகமாக அனுப்ப வேண்டுமா?’

அதிகம் அனுப்ப வேண்டாம். உங்கள் அம்மாவிடம் பணம் இருக்கிறது, அது அவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த எஃப்.டி. ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வட்டி அசலோடு சேர்ந்து முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் வகையாகத்தான் இருக்கும். சம்பாதிக்கும் வயதில் அது சரி. 67 வயதில் மாதாமாதம் மருந்து வாங்குகிறவருக்கு அது பூட்டி வைத்த பணம். மகள் காசைத் தொடத் தயங்கும் அம்மா, புருஷன் சேர்த்த பணத்தின் வட்டி தன் பாஸ்புக்கில் ஏறினால் தயங்க மாட்டார். ஏற்பாட்டை அங்கிருந்து தொடங்குங்கள்.

அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இதற்குப் பொருத்தமானது. 60 வயது முடிந்தவர்கள் 30 லட்சம் வரை போடலாம். ஐந்தாண்டுத் திட்டம், முடிந்தபின் மூன்றாண்டு நீட்டிக்கலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அரசு காலாண்டுதோறும் விகிதத்தை மறுபரிசீலனை செய்தாலும், போட்ட நாளில் இருந்த விகிதம் ஐந்தாண்டுக்கும் மாறாது. அந்த 8.2 சதவீதத்தில் 18 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 36,900 ரூபாய். மாதத்துக்கு 12,300. பென்ஷனையும் சேர்த்தால் 14,200. அம்மா சொல்லும் வீட்டுச் செலவுக்கு 800 ரூபாய்தான் குறைகிறது!

மீதி இரண்டு லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சாதாரண டெபாசிட்டில் விட்டுவையுங்கள். சேமிப்புத் திட்டத்தை ஓராண்டுக்குள் முடித்தால் வட்டி கிடையாது, கொடுத்த வட்டியையும் பிடித்துக்கொள்வார்கள். ஓராண்டுக்குப் பின் அசலில் 1.5 சதவீதம், இரண்டாண்டுக்குப் பின் 1 சதவீதம் வெட்டு விழும். அதனால் 18 லட்சத்தை ஒரே கணக்காகப் போடாமல், ஆறாறு லட்சமாக மூன்று கணக்கு தொடங்கச் சொல்வேன். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். எஃப்.டி.கள் முதிரும் தேதி நெருங்கியிருந்தால் காத்திருந்து மாற்றுங்கள். ஓராண்டுக்கு மேல் பாக்கி என்றால், இடையில் முறிப்பதற்கு வங்கி எவ்வளவு குறைக்கிறது என்று கேட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்குத் தொடங்கப் போகும்போது ஆதார், பான், போட்டோ, காசோலை வேண்டும். மூன்று விஷயங்களை அங்கேயே முடித்துவிடுங்கள். நாமினி பெயரை எழுதுங்கள். வட்டி தானாகவே அம்மாவின் சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி எழுதிக்கொடுங்கள், ஏனென்றால் எடுக்காமல் கிடக்கும் வட்டிக்கு வட்டி கிடையாது. ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வரி பிடிப்பார்கள். அம்மாவுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்பதால், வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும், 15-எச் என்று எல்லோரும் சொல்லும் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்துவிடுங்கள். முதிர்வுப் பணத்தை எடுக்கும்போது ‘ஒரே பிரீமியம், நல்ல ரிட்டர்ன்’ என்று யாராவது இன்சூரன்ஸ் பாலிசி காட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். வயதானவர்களின் பணம் அப்படி முடங்கிப்போவதைத் தொடர்ந்து பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

உங்கள் 10,000 ரூபாயை நிறுத்த வேண்டாம், அதன் வேலையை மாற்றுங்கள். உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் அதைவிட நல்லது இல்லை, பெரும்பாலும் இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பலன் உண்டு. தனிப் பாலிசி என்றால் சர்க்கரைக்கும் அது சார்ந்தவற்றுக்கும் மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பில்லில் நம் பங்கு எவ்வளவு, அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. எது எப்படியானாலும், அம்மாவும் நீங்களும் சேர்ந்து, இருவரில் யாரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்கி, பிரீமியம் போக மீதியை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று அதில் சேருங்கள். விலைவாசி ஏறும், 8.2 சதவீத வட்டித்தொகை ஏறாது. வரும் ஆண்டுகளில் அந்த இடைவெளியையும் இந்தக் கணக்கு தாங்கும்.

இனி வீடு. அம்மா உயிரோடு இருக்கும்வரை அது அவர் பெயரிலேயே இருக்கட்டும். அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டை இப்போதே அவர் பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால், மனம் மாறினாலும் அம்மா தானாக அதைத் திரும்பப் பெறுவது கடினம். யாருக்கு எவ்வளவு என்பதை உயிலாக எழுதலாம். ஸ்டாம்ப் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்தான் என்று அம்மாவே முடிவு செய்தால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், ஆயுள்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும்.

அண்ணனிடம் வீட்டுப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கூட்டுக் கணக்குக்கு மாதம் எவ்வளவு போடுவார் என்று கேளுங்கள். இரண்டாயிரம் என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தொகையையும் தேதியையும் முடிவு செய்து, அவருடைய வங்கியிலிருந்து தானாகவே போகும்படி வைத்துவிட்டால், மாதாமாதம் ஞாபகப்படுத்தும் சங்கடம் யாருக்கும் இல்லை.